புரூனோ பிடித்த பந்து

கையை விட்டதுமே லோட்டிக்குத் தெரிந்துவிட்டது, இதுவும் சுழல்கிறது என்று. பந்தின் சிவப்புத் தையல் ஒரு தடவை புரண்டது, இன்னொரு தடவையும் புரண்டது. பிறகு சமர்த்தாக நேரே போய் ரூடியின் கையுறைக்குள் உட்கார்ந்துகொண்டது. ரூடி ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, வீட்டின் முன்ஜன்னலுக்குக் கீழே முழங்காலை அகட்டி உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஜன்னலைப் பார்த்துக் கால் நீட்டிய கட்டில். அதில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு அவள் புருஷன் புரூனோ வோய்டாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புரூனோ ஒரு விரலைத் தூக்கிக் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினான். சுழல்கிறதாம்.

"தெரியுது, தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு," என்று லோட்டி முனகினாள். ஜன்னல் சாத்தியிருந்ததால் அவன் காதில் விழுந்திருக்காது. ஆற்றுக் காற்று அவன் நெஞ்சுக்கு ஆகாது என்று செப்டம்பர் பிறந்ததிலிருந்து சாத்தித்தான் வைத்திருந்தார்கள்.

நேற்று வந்த நர்ஸ் போகிறபோது வாசலில் நின்று, இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போனாள். மகள் மார்சியா கிளீவ்லாந்திலிருந்து விடியற்காலையிலேயே காரோட்டிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டாள். பாதிரியார் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபம் சொல்லியாயிற்று. செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது. பாக்கி இருந்தது இந்த ஒரு பந்துதான்.

ரூடி பந்தைத் திருப்பிப் புல்லில் உருட்டிவிட்டான். எறிகிற தோளைத் தூக்க முடியாமல் போய் வெகுகாலமாகிறது. ஊர் அணியில் புரூனோ வீசிய காலமெல்லாம் குந்தி உட்கார்ந்து பிடித்தவன் அவன். இப்போது பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறான். ஆனாலும் கையுறையை மாட்டிவிட்டால் அந்த மிடுக்கு குறையவில்லை. இந்தக் கோடை முழுக்க ஒரு நாள்கூட முகமூடி மாட்டிக்கொள்ளாமல்தான் உட்கார்ந்தான். லோட்டி போடுகிற பந்துக்கு முகமூடி ஒரு கேடா என்று அவளிடமே கேட்டான்.

பேஸ்பாலில் நக்கிள்பால் என்பது மற்றப் பந்துகள் மாதிரி இல்லை. அதற்கு வேகம் கிடையாது. விரல்களை மடக்கி, இரண்டு நகத்தை மட்டும் தோலில் ஊன்றி, மணிக்கட்டை ஆட்டாமல் கதவைத் தள்ளுகிற மாதிரி தள்ளிவிட வேண்டும். துளிகூடச் சுழலாமல் போனால் காற்று அதைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைக்கும். அடிக்க நிற்கிறவனுக்கும் தண்ணி காட்டும், பிடிக்க உட்கார்ந்தவனுக்கும் தண்ணி காட்டும். எங்கே போகும் என்று எறிந்தவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது. ஆனால் லேசாக உருண்டுவிட்டால் தொலைந்தது. அப்புறம் அது வெறும் சோம்பேறிப் பந்து, கண்ணை மூடிக்கொண்டு எவனும் வெளுத்து வாங்கலாம்.

புரூனோ அதைக் கற்றுக்கொண்டது முப்பது வயதை எட்டிப் பிடிக்கிற நேரத்தில். அதுவரை வேகத்தை நம்பிப் பிழைத்த கை ஒரு கோடையில் செத்துப்போனது. இனிமேல் நீ வேண்டாம் என்று அணி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்கப் பீங்கான் ஆலையின் காலிக் கிடங்கில் அவன் எறிந்தான், எதிரே குந்திப் பிடித்தவள் லோட்டி. புதுக் கல்யாணம். அவள் தொடையிலும் தோளிலும் முகவாயிலும் பட்ட நீலத்தைப் பார்த்து, புரூனோ அடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவள் அண்ணன்கள் சண்டைக்கு வந்தார்கள். பந்தைத்தான் அடிக்கிறான், நான்தான் குறுக்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அவள் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. கிடங்குக்கு வந்து பார்த்த பிறகுதான் வாயை மூடிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பந்தை வைத்து இன்னொரு பத்துப் பன்னிரண்டு வருஷம் ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் விளையாடிவிட்டான். பெரிய பெரிய தடியன்களெல்லாம் காற்றை வெட்டிவிட்டு மட்டையைக் குற்றம் சொல்லிக்கொண்டு திரும்பினார்கள். பிறகு ஊரோடு வந்து, ஊர் அணியில் ஆடிக்கொண்டே ஆலையில் சூளை வேலை. அந்தத் தூசிதான் இப்போது நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழ மாட்டேன் என்கிறது.

மே மாதம் டாக்டர் நெஞ்சுப் படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். திரும்பி வரும்போது கார் பாலம் தாண்டியது. என்ன சொல்லித் தேற்றுவது என்று லோட்டி வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது புரூனோ சொன்னான்.

"என் பந்த நான் பாத்ததே இல்ல லோட்டி."

"என்னது?"

"எறியறவனுக்குத் தெரியறது பந்தோட முதுகுதான். மூஞ்சிய நீ பாத்திருக்க, ரூடி பாத்திருக்கான், ஊர்ல இருக்குற தடியனுங்க எல்லாம் பாத்திருக்கானுங்க. எதிர்ல உக்காந்து ஒண்ணே ஒண்ணு நானும் பாக்கணும்."

அது எப்படி இருக்கும் என்று அவன் கேட்காத ஆள் இல்லை. சாவித் துவாரம் தேடுகிற குடிகாரன் கை என்று ரூடி சொல்லுவான். ஆளுக்கு ஒன்று சொல்லுவார்கள். லோட்டி மட்டும் எப்போது கேட்டாலும், அது வார்த்தையில் வராது என்பாள். இத்தனை வருஷமாக அவனுக்கு அவள்மேல் இருந்த ஒரே தீராத கோபம் அதுதான்.

எறிவதற்கு ஆள் தேடினார்கள். பள்ளிக்கூட அணியின் பயிற்சியாளரைக் கேட்டதும் மரியாதையாக வந்தார், வேர்க்க விறுவிறுக்க எறிந்தார், எல்லாம் சுழன்றது. வேறு யாருக்கும் அது வராது, வருகிறவன் இந்த மாநிலத்திலேயே இருக்கிறானோ இல்லையோ. அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டே லோட்டி திரும்பாமல் சொன்னாள்: "நான் போடறேன்."

புரூனோ சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் அவள் கையைப் பார்த்தான். ஈரக் கையை இழுத்து, விரல் விரலாகப் பிடித்துப் பார்த்தான்.

அவள் ஆலையில் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுகிறவள். பச்சைக் களிமண் கோப்பையில் பச்சைக் கைப்பிடியை வைத்து அழுத்தி எடுப்பதுதான் அவள் வாழ்நாள் வேலை. அந்த விரல்களில் வலு இருந்தது. இல்லாதது நகம். களிமண்ணில் நகம் பட்டால் கோப்பை கழிவுக்குப் போய்விடும் என்பதால் சிறுவயதிலிருந்து ஒட்ட வெட்டியே பழகியவள். அந்தக் கோடையில்தான் முதன்முதலாக நகம் வளர்த்தாள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மட்டும். அதை அரத்தால் தேய்த்துச் சீராக வைத்துக்கொண்டாள். புருஷன் படுக்கையில் கிடக்கிறான், இவளுக்கு நகம் கேட்கிறதா என்று கோயிலில் பின் பெஞ்சு பேசிக்கொண்டது. லோட்டிக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் பேசினார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பி, அந்த இரண்டு விரலாலேயே ஜெபமாலையை உருட்டினாள்.

ஜூனில் புரூனோவே தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்து கையுறையோடு பிடித்தான். ஜூலையில் கையுறை கனக்கிறது என்று ரூடியிடம் கொடுத்துவிட்டு அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தான். ஆகஸ்டில் கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்து ஜன்னலைப் பார்த்துப் போட்டார்கள். பந்து மட்டும் அவன் எங்கே இருந்து பார்த்தாலும் சுழன்றது.

நேற்று ராத்திரி ஆள்காட்டி விரல் நகம் நுனியில் பிளந்துவிட்டது. லோட்டி தேயிலைப் பையைப் பிரித்து அந்த மெல்லிய காகிதத்தில் ஒரு துண்டு கத்தரித்து, நகத்தின் மேல் பசை வைத்து ஒட்டினாள். ஆலைக்காரப் பெண்கள் கல்யாணத்துக்குப் போகிற அன்று செய்துகொள்கிற ஒட்டு அது. காலையில் காபி போட வந்த மார்சியா அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னிக்குமா?" என்றாள் மார்சியா. "அம்மா, இன்னிக்குமா வெளிய போய் பந்து எறியப் போற? அப்பா கையப் பிடிச்சிட்டு பக்கத்துல உக்காரலாம்ல? நீ அவர் முன்னால உக்கார பயந்துக்கிட்டு வெளிய ஓடற. எனக்கு அப்படித்தான் தோணுது."

லோட்டிக்குச் சுருக்கென்று தைத்தது. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. வெளியே நிற்கும்போது பந்து, நகம், காற்று என்று யோசிக்க ஏதாவது இருந்தது. உள்ளே வந்தால் அவன் மூச்சு மட்டும்தான். அப்போது முன்னறையிலிருந்து கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. புரூனோவுக்குக் கத்திக் கூப்பிட மூச்சு இல்லை. மருந்துக் கரண்டிதான் அவனுக்கு வாய். இருவரும் ஓடிப் போய்ப் பார்த்தார்கள்.

"ரூடி வந்துட்டான்," என்றான் புரூனோ ஜன்னலைக் காட்டி. "அவன உக்கார வெச்சிட்டு இங்க என்ன பேச்சு?"

அப்படித்தான் அவள் இந்தக் காலையில் புல்லில் வந்து நின்றாள்.

எறிந்தாள், சுழன்றது. மறுபடி எறிந்தாள், மறுபடியும் சுழன்றது. ஒன்று ரூடியின் முழங்காலுக்கு முன்னால் குத்தி எழும்பியது. எதிர்வீட்டுத் திரை விலகி, ஒரு முகம் பார்த்து, திரை மூடியது. மார்சியா உள்ளே அப்பாவின் பக்கத்தில் நாற்காலி போட்டு, அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவை நிமிர்ந்தும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். ரூடியும் கேலி பேசுவதை நிறுத்திவிட்டான். அதுதான் லோட்டிக்குப் பயமாக இருந்தது.

பந்து மறுபடி உருண்டு வந்தது. குனிந்து எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். புரூனோ சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒன்று விடாமல் செய்கிறாள். மணிக்கட்டு ஆடவில்லை. நகம் சரியாக ஊன்றியிருக்கிறது. பிறகு எது உருட்டிவிடுகிறது? எறிகிற மாதிரி கையை மெதுவாக நீட்டிப் பார்த்தாள். இரண்டு நகமும் விட்ட பிறகும் கட்டைவிரல் பந்தைத் தடவிக்கொண்டே நின்றது. போக விடாமல் கடைசியாக ஒரு தொடு தொட்டது.

அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கைப்பிடி ஒட்டுகிறவளுக்கு இது தெரியாதா? அழுத்தி வைத்த கைப்பிடியை விடும்போது எல்லா விரலையும் ஒன்றாக எடுக்க வேண்டும். ஒரு விரல் பிந்தினால் கைப்பிடி சாய்ந்துவிடும். ஆலைக்கு வந்த முதல் வாரத்தில் மேஸ்திரி அதற்காகத்தான் அவளை ஓயாமல் திட்டினார். கோப்பையில் அவள் ஒரு நாளும் பிந்தியதில்லை. பந்தைக் கோப்பையாக நினைக்காததுதான் தப்பு.

"என்ன லோட்டி, பிரார்த்தனையா?" என்றான் ரூடி.

"முகமூடிய மாட்டிக்க," என்றாள் லோட்டி.

"எதுக்கு?"

"மாட்டிக்கன்னா மாட்டிக்க."

ரூடி மாட்டிக்கொள்ளவில்லை. ஆண்பிள்ளைகளுக்கு எதையும் இரண்டு தடவை சொல்கிற வழக்கம் லோட்டியிடம் கிடையாது. வீட்டுப் பக்கமிருந்து காற்று அவள் முகத்தில் அடித்தது. நக்கிள்பாலுக்கு எதிர்க்காற்று நல்லது. ஜன்னலுக்குள் பார்த்தாள். புரூனோ மார்சியாவின் மடியிலிருந்து கையை எடுத்துத் தலையணையில் ஊன்றி, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார முயன்றுகொண்டிருந்தான். அவள் நின்ற தினுசில் அவனுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அவன் நிமிரட்டும் என்று காத்திருந்தாள். பிறகு காலைத் தூக்கி வைத்து, கையை நீட்டி, எல்லா விரலையும் ஒரே நேரத்தில் எடுத்தாள்.

தையல் அசையவில்லை.

அந்தச் சிவப்புக் கோடு கையை விட்டுப் போனபோது எப்படி இருந்ததோ அப்படியே, வரைந்து வைத்த மாதிரி போனது. பந்து அவசரப்படவில்லை. பாதி வழியில் இடப்பக்கம் போகலாமா என்று யோசித்தது. பிறகு வேண்டாம் என்று வலப்பக்கம் ஒதுங்கியது. ரூடியின் கையுறை அதைத் துரத்திக்கொண்டு கீழே போனது, பந்து மேலே ஏறியது. ரூடியும் கையைத் தூக்கினான். ஊரிலேயே பேர் போன கை, ஆனால் பிந்திவிட்டது. பந்து அவன் காதை உரசாத குறையாகப் போய் ஜன்னலின் கீழ்க் கண்ணாடியைச் சல்லி சல்லியாக உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது.

மார்சியா அலறிய சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். லோட்டி ஓடினாள். படி ஏறும்போது செருப்பு ஒன்று கழன்றது, அதை விட்டுவிட்டே ஓடினாள். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் தன்னைக் கொலைகாரி என்றே முடிவுகட்டிவிட்டாள்.

கண்ணாடித் துண்டெல்லாம் ஜன்னல் விளிம்பிலும் தரையிலும், கொஞ்சம் கால்மாட்டுப் போர்வையிலும் கிடந்தது. மார்சியா எழுந்து நின்று, பைத்தியமா உங்களுக்கெல்லாம், அவர் தலையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். புரூனோவின் இரண்டு முழங்காலுக்கும் நடுவே, போர்வையின் பள்ளத்தில் பந்து அடங்கிக் கிடந்தது. அவன் குலுங்கிக்கொண்டிருந்தான். மூச்சுத் திணறுகிறதோ என்று லோட்டி குழாயைத் தேடினாள். பிறகுதான் தெரிந்தது, அவன் சிரிக்கிறான். சத்தம் வரவில்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவனைப் பார்த்து மார்சியா பேச்சை நிறுத்தினாள். பிறகு அவளும் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உடைந்த ஜன்னல் வழியாக ரூடியின் முகம் எட்டிப் பார்த்தது. வெளுத்துப்போயிருந்தது.

"கோட்ட விட்டியேடா," என்றான் புரூனோ.

"கோட்ட விட்டதா? அது பந்தாடா? சனியன். இருவத்தஞ்சு வருஷம் உங்கிட்ட பட்டது பத்தாதா, இப்ப உம் பொண்டாட்டிகிட்ட வேற படணுமா?"

"பால்," என்றான் புரூனோ, எல்லை தாண்டிப் போன பந்துக்கு நடுவர் தீர்ப்புச் சொல்கிற குரலில். "உயரமா போச்சு. ஸ்டிரைக் இல்ல."

"உன் கண்ண நல்லா தொடச்சிட்டுச் சொல்லு," என்றாள் லோட்டி. அவன் பக்கத்தில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். போர்வையில் இருந்த கண்ணாடித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். எல்லாம் பொறுக்கி முடித்த பிறகு கேட்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

புரூனோ யோசித்தான். வாயைத் திறந்தான், ஏதோ சொல்ல வந்தான், அது இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டான். மறுபடி யோசித்தான். லோட்டி பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமான நாள் முதல் அவனை இவ்வளவு திருப்தியாக அவள் பார்த்ததில்லை.

"போடி," என்றான் கடைசியில். "வார்த்தையில வரல."

மத்தியானம் ரூடி அட்டைப் பெட்டியை வெட்டி, சுத்தியும் ஆணியுமாக ஜன்னலை அடைக்க வந்தான். புரூனோ கரண்டியால் தட்டி வேண்டாம் என்றான். காற்று வரட்டும் என்றான். ஆகாது என்று அடைத்துவைத்திருந்த ஆற்றுக் காற்று இஷ்டத்துக்கு உள்ளே வந்து திரையை ஆட்டியது. இனிமேல் அது என்ன செய்துவிடப் போகிறது என்று எல்லோருக்குமே தோன்றியது. பந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான். இரண்டு நகத்தையும் ஊன்றிப் பிடித்தபடி கண்ணை மூடினான். இன்னொரு கை லோட்டியின் கையில் இருந்தது. இப்போது அவளுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கப் பயமாக இல்லை. அவன் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுக்களையில் மார்சியா முட்டைக்கோஸ் வதக்குகிற வாசனை வந்தது. ஆலையில் சாயங்காலச் சங்கு ஊதியபோது, அடுத்த மூச்சு வரவில்லை.

பந்து கையிலிருந்து கழன்று போர்வையில் உருண்டது. லோட்டி அதை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். நன்றாக, சத்தம் போட்டு அழுதாள். வெளியே படியில் உட்கார்ந்திருந்த ரூடி தொப்பியைக் கழற்றினான்.

இந்த ஊரில் யாரையும் கல்லறைக்கு வெறுங்கையோடு அனுப்புவதில்லை. சூளைக்காரன் என்றால் பெட்டிக்குள் அவன் தோல் கையுறை, மீன் பிடிக்கிறவன் என்றால் தூண்டில், லோட்டியின் அம்மாவுக்கு ஒரு சீட்டுக் கட்டு. புரூனோவுக்கு என்ன என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்தப் பந்தை மார்சியாவே, சடலத்தை அலங்கரித்துப் பெட்டியில் வைக்கிற டூடெக்கிடம் கொடுத்துவிட்டு வந்தாள். டூடெக்கின் அப்பா இருந்த காலத்திலிருந்தே ஊரின் சாவெல்லாம் அவர்கள் மண்டபத்தில்தான். இப்போது பொறுப்பு இந்தச் சின்ன டூடெக்குக்கு வந்திருந்தது. வேலையில் அவன் படு சுத்தம்.

பெட்டியை முதலில் வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டும், பிறகுதான் ஊருக்குக் கதவு திறப்பார்கள். லோட்டி போய் நின்றாள். நீலக் கோட்டு நன்றாக இருந்தது. முகத்தில் பவுடர் கொஞ்சம் அதிகம், பரவாயில்லை. மார்பில் வைத்திருந்த கையைப் பார்த்ததும்தான் இன்னும் கிட்டே போனாள். நகத்தையெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தார்கள். வெட்டி, பந்தை எடுத்து, வேகப்பந்து போடுகிறவன் மாதிரி தையலுக்குக் குறுக்கே இரண்டு விரலை நீட்டி வைத்திருந்தார்கள்.

"யாரு நகத்த வெட்டினது?" என்றாள்.

டூடெக் முன்னால் வந்தான். "நான்தான் மிஸஸ் வோய்டாஸ். ரெண்டு விரல்ல மட்டும் நீளமா விட்டிருந்துச்சு. உடம்பு முடியாம இருந்தவர், கவனிச்சிருக்க மாட்டார்னு நெனச்சேன். மத்ததோட சமமா வெட்டிட்டேன். நல்லா வந்திருக்குல்ல?"

அவன் முகத்தைப் பார்த்தால் திட்ட முடியவில்லை. நல்லது செய்துவிட்டோம் என்று நின்றுகொண்டிருந்தான். மார்சியா, விடும்மா, யார் பார்க்கப் போகிறார்கள் என்று காதருகில் சொன்னாள். யாரா? வெளியே நிற்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பந்துக்கு எதிரே நின்று மூக்குடைபட்டவர்கள். லோட்டி குனிந்து புரூனோவின் விரல்களை மடக்கிப் பார்த்தாள். குளிர்ந்து விறைத்த விரல் மடங்கியது, ஆனால் ஊன்ற நகம் இல்லை. பந்து வழுக்கிக்கொண்டு கோட்டின் மேல் வந்து நின்றது. மறுபடி வைத்தாள், மறுபடி வழுக்கியது.

அவள் பந்தை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ரூடியைக் கூப்பிட்டு, கார் டிக்கியிலிருந்து கையுறையைக் கொண்டுவரச் சொன்னாள்.

"எந்தக் கையுறை?"

"உன்னோடதுதான். பிடிக்கிறது."

ரூடி அவளைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். போய் எடுத்துவந்தான். நக்கிள்பாலுக்கென்றே தைத்த பெரிய கையுறை அது, தட்டு அகலம் இருக்கும். அதைக் கொடுப்பதற்கு அவனுக்கு மனசு வரவில்லை என்பது அவன் துடைத்துத் துடைத்துக் கொடுத்ததிலேயே தெரிந்தது. ஆனாலும் கொடுத்தான். லோட்டி அதைப் புரூனோவின் இடக்கையில் மாட்டி, உள்ளங்கை மேலே பார்க்கத் திறந்து வைத்தாள். கோட்டு கொஞ்சம் கசங்கியது. டூடெக் நீவிவிட வந்தான். வேண்டாம் என்றாள்.

ஊர் வரிசையில் வந்தது. மண்டியிட்டு எழுந்தவர்களெல்லாம் ஒரு நொடி முழித்தார்கள். பழைய ஆட்டக்காரன் ஒருத்தன், வயசாகியும் குரல் தணியாதவன், லோட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேவிட்டான்.

"என்ன லோட்டி, புரூனோ எறியறவனாச்சே. பிடிக்கிறவன் கையுறைய மாட்டி வெச்சிருக்கீங்க?"

லோட்டி ரூடியைப் பார்த்தாள். ரூடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ரூடி விட்டத இவன்தான் பிடிச்சான்," என்றாள் லோட்டி.

கோயிலில் பூசை முடிந்து, கார்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லறைக்குக் கிளம்பின. மார்சியா ஓட்டினாள், லோட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாலத்தருகே வரிசை நின்றது. மார்சியா அம்மாவின் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் தேயிலைப் பைக் காகிதம் ஓரத்தில் கிளம்பியிருந்தது. தன் பையைத் துழாவி நகவெட்டியை எடுத்து நீட்டினாள்.

"அதையும் வெட்டிடும்மா. இனிமே எதுக்கு?" என்றாள். குரலில் கோபம் இல்லை, அக்கறைதான் இருந்தது.

லோட்டி நகவெட்டியை வாங்கித் தன் கைப்பையில் பந்துக்குப் பக்கத்தில் போட்டாள். உள்ளேயிருந்து அரத்தை எடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம ரூடி வரேன்னிருக்கான்," என்றாள். "முகமூடியோட."

வரிசை நகர்ந்தது. மார்சியா ரோட்டைப் பார்த்து ஓட்டினாள், கொஞ்சம் மெதுவாகவே ஓட்டினாள். லோட்டி விரலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து நகத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். ஒரே பக்கமாகத்தான் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் பிளந்துவிடும்.